கிளாரினெட் பழக வரும் பிள்ளைக்கு டங்கிங் சொல்லிக்கொடுப்பது எப்படி

சர்ச் பாடகர் குழுவிலோ பள்ளி பேண்டிலோ ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், அவரிடம் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டு “இவனுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்க” என்று கேட்பது குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமெல்லாம் சாதாரணம். அப்படி முதல்முறையாகக் கற்றுக்கொடுக்க உட்காருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விரல் எங்கே வைப்பது என்பதை எந்தப் படத்தைப் பார்த்தும் காட்டிவிடலாம், டங்கிங், அதாவது நாக்கை ரீடில் தொட்டு எடுத்து ஸ்வரங்களைத் தனித்தனியாகப் பிரிப்பது, அப்படியில்லை. எல்லாம் வாய்க்குள்ளே நடக்கிறது, உங்களுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. முதல் மாதத்தில் தப்பாகப் பதிந்துவிட்டால் அதைக் கழற்ற ஒரு வருஷம்கூட ஆகலாம். அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவசரமே கூடாது.

முதலில் நீங்கள் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதுதான்: நாக்கு சத்தத்தை உண்டாக்குவதில்லை. சத்தத்தை உண்டாக்குவது காற்று. வாயில் வைக்கும் பகுதியான மவுத்பீஸின் மேல் கட்டியிருக்கும் மெல்லிய பட்டை, அதாவது ஒற்றை ரீடு, காற்று பட்டு அதிர்கிறது, நாக்கு அதைத் தொட்டால் அதிர்வு நிற்கிறது, நாக்கை எடுத்தால் மறுபடி அதிர்கிறது. தம்பூராத் தந்தியில் விரல் வைத்திருக்கும்வரை சத்தம் இல்லை, விரல் விலகும் அந்த நொடியில்தான் நாதம் பிறக்கிறது, அல்லவா? அதே கதைதான் இங்கேயும். ‘நாக்கால் அடி’ என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை அடிக்கத்தான் செய்யும். ‘நாக்கை விடு’ என்று சொல்லுங்கள். நான் பாடத்தில் ‘அடி’ என்ற சொல்லையே பயன்படுத்துவதில்லை.

இன்னொன்று, நாக்கு தொட்டாலும் எடுத்தாலும் காற்று மட்டும் நிற்கவே கூடாது. நீலகிரியில் கோத்தர்கள் தங்கள் ஊதுகுழலான கொள் வாசிப்பதைக் கேட்டிருப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சை இழுத்தபடியே, இடைவெளி விழாமல் ஊதுவார்கள். கிளாரினெட்டுக்கு அந்த அளவு வித்தை தேவையில்லை, மூச்சு தீர்ந்தால் நிறுத்தி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மூச்சு ஓடும்வரை அது ஒரே நூலாக ஓட வேண்டும். நாகஸ்வரம் வாசிக்கும் வீட்டுப் பிள்ளை வந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். துத்துகாரம், அதாவது நாகஸ்வரத்தில் நாக்கு வைத்து வாசிக்கும் முறை, என்றால் என்னவென்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்திருக்கும். நாகஸ்வரத்தின் சீவாளிக்கும் கிளாரினெட் ரீடுக்கும் வாய் வைக்கும் விதம் வேறு, நாக்கின் வேலை நெருங்கிய சொந்தம்.

தொடங்கும் முன்

பிள்ளை ஒரு ஸ்வரத்தை எட்டு எண்ணிக்கை வரை ஆடாமல் அசையாமல் பிடிக்கிறதா? இல்லையென்றால் டங்கிங் பேச்சே வேண்டாம். முதல் ஓரிரு வாரம் ‘ஹூ’ என்று வெறும் காற்றில் ஸ்வரத்தைத் தொடங்கி நீளமாக ஊதட்டும். முதல் நாளே நாக்கையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. நிலையான காற்று இல்லாத இடத்தில் நாக்கை வைத்தால், பிள்ளை அந்த நாக்கை வைத்தே காற்றின் ஓட்டையை அடைக்கப் பார்க்கும்.

வாய் வைப்பு: மேல் பற்கள் மவுத்பீஸின் மேல், கீழ் உதடு கீழ்ப் பற்களின் மேல் லேசாக மடங்கி மெத்தையாக, தாடை தட்டையாக, கன்னம் உப்பாமல். மவுத்பீஸ் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதற்கு எளிய வழி இருக்கிறது. ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே மெல்லிய தாள் ஒன்றைச் செருகிக் கீழே தள்ளுங்கள், எங்கே தடுத்து நிற்கிறதோ அதுதான் ரீடு மவுத்பீஸை விட்டுப் பிரியும் இடம், கீழ் உதடு அதை ஒட்டி வர வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகள் பயந்து நுனியை மட்டும் கவ்வுவார்கள். அப்படிக் கவ்வினால் நாக்குக்கு நகர இடமே இருக்காது.

வாத்தியத்தின் சாய்வையும் பாருங்கள். உடம்பிலிருந்து ஏறக்குறைய 35 டிகிரி. ஊர்வலத்தில் பேண்டு செட்டுக்காரர்கள் தூக்கிப் பிடித்து வாசிப்பதைப் பார்த்துப் பிள்ளையும் அப்படியே நீட்டும், அப்போது ரீடு நாக்குக்குச் சரியான கோணத்தில் எதிர்ப்படாது. சிறு பிள்ளைகளுக்கு வாத்தியத்தின் எடை முழுவதும் வலது கட்டைவிரலில் இறங்கும், அதனால் கழுத்தில் மாட்டும் வார் ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள், அல்லது உட்கார வைத்து அடிப்பகுதியை முட்டிக்கு நடுவே தாங்க விடுங்கள். மேல் முன்பற்கள் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கும் வயதில் வந்தால் கொஞ்ச நாள் காத்திருக்கச் சொல்வதே நல்லது.

ரீடு இரண்டு அல்லது இரண்டரை நம்பர். அதற்கு மேல் வேண்டாம். கெட்டியான ரீடில் பிள்ளை தாடையைக் கடித்துத்தான் சத்தம் எடுக்க முடியும், கடிக்கிற வாயில் நாக்கு நகராது. ரீடின் நுனியும் மவுத்பீஸின் நுனியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், நேரே பார்த்தால் ரீடுக்கு மேலே மயிரிழை அளவு கறுப்பு தெரியலாம். நுனி உடைந்த ரீடைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதை வைத்து டங்கிங் பழகவே முடியாது. ஒருவர் வாயில் வைத்த மவுத்பீஸை அடுத்தவருக்குக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம்.

மலைக் குளிருக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும்

2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி காலையில் பெட்டியைத் திறந்தவுடன் வாத்தியத்தைத் தொட்டுப் பாருங்கள், இரும்புக் கம்பியைத் தொட்ட மாதிரி ஜில்லென்று இருக்கும். குளிர்ந்த கிளாரினெட் சுருதி இறங்கிப் பேசும், உள்ளே மூச்சின் ஈரம் படிந்து துளைகளில் தண்ணீர் கொரகொரக்கும். அந்தக் கொரகொரப்பைப் பிள்ளை தன் நாக்கின் தப்பு என்று நினைத்துக்கொண்டு நாக்கை இறுக்கும். ஆகவே முதலில் மவுத்பீஸையும் மேல் பாகத்தையும் ஸ்வெட்டருக்குள் அணைத்து வைத்துக் கொஞ்ச நேரம் சூடாக்குங்கள். அடுப்புப் பக்கமோ ரூம் ஹீட்டர் முன்னாலோ கொண்டுபோகாதீர்கள். மர வாத்தியமென்றால் குளிர்ந்த உடம்பில் திடீரென்று சூடான மூச்சு போகும்போது வெடிப்பு விழும் ஆபத்தும் உண்டு. இந்த ஊர்களில் தொடக்கப் பிள்ளைக்குப் பிளாஸ்டிக் உடம்பு வாத்தியமே போதும், பெற்றோர் கேட்டால் தயங்காமல் அதையே சொல்லுங்கள்.

பனிக்கால வறட்சியில் ரீடின் நுனி அலை அலையாக நெளிந்து நிற்கும், ஒன்றிரண்டு நிமிஷம் தண்ணீரில் நனைய விட்டு, விரலால் தட்டையாக நீவிவிட்டு மாட்டுங்கள். மழைக்காலத்தில் நேர் எதிர், ரீடு காயவே காயாது, பூஞ்சை பிடிக்கும். வாசித்து முடித்ததும் மவுத்பீஸிலிருந்து கழற்றித் துடைத்து, தட்டையான ரீடு பெட்டியில் வைக்கப் பழக்குங்கள். மூன்று நான்கு ரீடை மாற்றி மாற்றி வாசித்தால் எல்லாமே கூடுதல் நாள் உழைக்கும். மழையில் மலைப்பாதை அடைபட்டால் கோயம்புத்தூரிலிருந்து எதுவும் மேலே வராது, எனவே ஒரு பெட்டியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வாத்தியத்தைத் தொடாமல் முதல் பாடம்

பிள்ளையின் ஆள்காட்டி விரலை அதன் வாயில் மவுத்பீஸ் மாதிரி வைக்கச் சொல்லுங்கள், விரலின் சதைப்பகுதி கீழே, நகம் மேலே. கையைக் கழுவிவிட்டுத்தான். அப்படியே காற்றை ஊதிக்கொண்டு ‘தீ’ என்று வாய்க்குள் சொல்லட்டும். நாக்கின் நுனி விரல் நுனியின் சதையில் எங்கே தொடுகிறது என்று அதற்கே தெரியும். ரீடிலும் அதே இடம்தான். நாக்கின் நுனி, அல்லது நுனிக்குச் சற்றே பின்னால் உள்ள மேல்பக்கம், ரீடின் நுனிக்கு ஓரிரு மில்லிமீட்டர் கீழே.

இங்கே எழுத்து முக்கியம். ஆங்கிலப் பாடப் புத்தகங்களில் ‘டூ’, ‘டீ’ என்று உச்சரிக்கச் சொல்லியிருக்கும், பிள்ளையும் அதை நம் வழக்கப்படி டகரமாகவே சொல்லும். நம் வாயில் டகரம் வந்தால் நாக்கின் நுனி மேல்நோக்கி மடங்கி அண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், ரீடைத் தொடாது. தமிழ்ப் பிள்ளைக்கு ‘தீ’தான் சரி. அதிலும் எவ்வளவு அழுத்தம் என்று கேட்டால், ‘பத்து’ என்று சொல்லும்போது நாக்கு எப்படி அழுந்துகிறது, ‘அது’ என்று சொல்லும்போது எப்படிப் பட்டும் படாமல் போகிறது என்று இரண்டையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். நமக்கு வேண்டியது ‘அது’வில் வரும் தகரம். ஈகாரம் ஏன் என்றால், ‘தீ’ சொல்லும்போது நாக்கின் நடுப்பகுதி உயர்ந்து நின்று நுனி மட்டும் நகரும். ‘தா’ சொன்னால் நாக்கு முழுவதும் கீழே விழுந்துவிடும், தாடையும் கூடவே இறங்கும்.

அடுத்தது காற்று. குளிர் காலையில் மலைப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது, வெளியே விடும் மூச்சு புகையாகக் கண்ணுக்குத் தெரியும். வீட்டு வாசலில் நிற்க வைத்து, உதட்டைக் குவித்து நீளமாக ஊதச் சொல்லுங்கள், புகை ஒரே கோடாகப் போகும். பிறகு அதே மூச்சில் ‘தீ தீ தீ தீ’. கோடு அறுபடாமல் போனால் காற்று நிற்கவில்லை. குட்டிக் குட்டி மேகங்களாகப் பிரிந்து போனால் பிள்ளை ஒவ்வொரு ‘தீ’க்கும் காற்றை வெட்டுகிறது. இதைவிட நல்ல கருவி கிடையாது, தன் தப்பைப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்கிறது, நீங்கள் வாய் திறக்கவே தேவையில்லை. வெயில் ஏறிவிட்டால் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம், இடைவிடாத காற்று தோலில் பட வேண்டும்.

மவுத்பீஸும் பேரலும் மட்டும்

இப்போது மவுத்பீஸையும், அதற்கு அடுத்து வரும் குட்டிக் குழாயான பேரலையும் மட்டும் சேர்த்து ஊத வையுங்கள். டியூனரில் எஃப் ஷார்ப்பை ஒட்டி நிலையாக நிற்க வேண்டும், ரொம்பக் கீழே வழிந்தால் வாய் தளர்ந்திருக்கிறது. அந்த நீளமான ஒலியின் நடுவில், ஒரே ஒரு முறை, நாக்கால் ரீடை லேசாகத் தடவச் சொல்லுங்கள். சத்தம் முழுசாக நிற்க வேண்டியதில்லை, கொஞ்சம் மங்கினால் போதும். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிள்ளை டக்கென்று வாத்தியத்தை எடுத்துவிட்டு, “சார், நாக்கு கூசுது” என்று முகத்தைச் சுளிக்கும். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே சந்தோஷம். கூசினால் நுனி நுனியில் பட்டிருக்கிறது என்று அர்த்தம், அண்ணத்தில் பட்டால் கூசாது. “கூசுதா? அதுதான் சரியான இடம், மறுபடி தொடு” என்று சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் கூச்சம் போய்விடும்.

அது வந்தபின் அடுத்த பயிற்சி, என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். நாக்கை ரீடின் மேல் வைத்துக்கொள். இப்போது ஊது. சத்தம் வராது, வாய்க்குள் காற்று அழுத்தம் ஏறி நிற்கும், ஓரத்தில் லேசாகச் சீறலாம். அப்படியே ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி நாக்கை மட்டும் விடு. ஸ்வரம் சுத்தமாக, வெடிக்காமல், தானாகத் திறக்கும். பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், அந்த நேரத்தில் அதற்குப் புரிந்துவிடும், தான் எதையும் அடிக்கவில்லை என்று. பிறகு அதே மூச்சில் நாக்கை மறுபடி ரீடின் மேல் வைத்து ஒலியை நிறுத்தட்டும், வயிறு தள்ளுவதை நிறுத்தாமல். வை, விடு, வை, விடு. ஒரு பாடத்தில் இதைச் சில நிமிஷம் செய்தால் போதும். நாக்கும் தசைதான், களைத்துப்போனால் கனமாக விழ ஆரம்பிக்கும். நடுவே வேறு எதையாவது வாசிக்க விட்டுத் திரும்ப வாருங்கள்.

முழு வாத்தியத்தில்

ஓபன் ஜியில் தொடங்குங்கள். துளை எதையும் மூட வேண்டியதில்லை, பிள்ளையின் முழுக் கவனமும் வாயில் இருக்கும். மெட்ரோனோமை 60இல் வைத்து, முதலில் நான்கு எண்ணிக்கை நீளமாக ஊதி, அதே மூச்சில், அதே அழுத்தத்தில், எண்ணிக்கைக்கு ஒரு ‘தீ’யாக நான்கு. நீளமான ஸ்வரத்துக்கும் நாக்கு வைத்த நான்குக்கும் ஒலியின் பருமனில் வித்தியாசமே தெரியக் கூடாது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நான்கும் ஒல்லியாகிவிட்டால் காற்று குறைந்துவிட்டது, பழையபடி நீளமான ஸ்வரத்துக்கே திரும்புங்கள். இது சரியானால் எஃப், ஈ, டி, சி என்று ஒவ்வொன்றாக இறங்கலாம். எல்லாத் துளையையும் மூடும் கீழ் ஸ்வரங்களில் ரீடு கொஞ்சம் மந்தமாகப் பேசும், அங்கே நாக்கை அழுத்தாமல் காற்றைக் கூட்ட வேண்டும்.

எண்ணிக்கைக்கு இரண்டு, அப்புறம் நான்கு. கணக்கை மனதில் ஏற்ற நம் சொற்கட்டு ரொம்ப உதவும், நான்குக்குத் ‘தகதிமி’, மூன்றுக்குத் ‘தகிட’. கையில் தட்டிச் சொல்லிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஆனால் வாத்தியத்துக்குள் நாக்கு ‘தகதிமி’ சொல்லக் கூடாது, ‘தீதீதீதீ’ மட்டும்தான். ‘தக’ என்றால் ககரத்துக்கு நாக்கின் அடிப்பகுதி எழுந்து காற்றை வெட்டும். அது புல்லாங்குழல்காரர்களும் ட்ரம்பெட்காரர்களும் வேகத்துக்காகச் செய்யும் இரட்டை டங்கிங், தொடக்கப் பிள்ளைக்கு இப்போது தேவையே இல்லை. வேகத்தை வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். 60இல் எண்ணிக்கைக்கு நான்கு சுத்தமாக வராத பிள்ளையை 80க்குத் தள்ளிப் பிரயோஜனம் இல்லை.

கெட்டுப்போகும் இடங்கள்

தாடை மெல்லுவது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தாடை எதையோ சவைப்பது மாதிரி ஏறி இறங்கும், ஒலி ‘வாவ் வாவ்’ என்று வளையும். கண்ணாடி முன் நிறுத்துங்கள். பிள்ளையின் ஒரு கையைத் தாடையில் வைக்கச் சொல்லி, மவுத்பீஸை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். அசைவு கையில் தெரிந்தால் அது தானாகவே அடங்கும்.

தொண்டையில் வெட்டுவது. இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் கேட்க ஓரளவு சரியாகவே இருக்கும். காதை அருகில் வைத்தால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் மெல்லிய முனகல் கேட்கும், குரல்வளையும் ஏறி இறங்கும். ‘நாக்கை வைத்து ஊது, பிறகு விடு’ பயிற்சிக்கே திரும்பக் கொண்டுபோங்கள். நாக்கு ரீடில் இருக்கும்போது தொண்டையை மூடினால் அழுத்தம் ஏறாது, அதனால் அந்தப் பயிற்சியில் ஏமாற்ற முடியாது.

நாக்கின் நுனியைக் கீழ்ப் பல்லுக்குப் பின்னால் ஊன்றிக்கொண்டு நடுநாக்கால் தொடுவதும் உண்டு. நாக்கு நீளமாக உள்ள சில பெரிய கலைஞர்கள் அப்படி வாசிக்கிறார்கள்தான். தொடக்கத்தில் அனுமதிக்காதீர்கள், கனமான ‘தத்’ என்ற சத்தம் வரும், வேகமும் ஏறாது. நுனியால் தொட உண்மையாகவே முடியவில்லை என்று சில மாதம் பார்த்துத் தெரிந்த பிறகு யோசிக்கலாம்.

விரலும் நாக்கும் ஒன்று சேர்வது

ஒரே ஸ்வரத்தில் அழகாக வாசித்த பிள்ளை ஸ்வரம் மாறியவுடன் தடுமாறும். நாக்கு முந்திக்கொள்ளும், விரல் பின்னால் வரும், நடுவில் அழுக்காக ஒரு சத்தம் விழும். இதற்கு வழி நிறுத்தி வாசிப்பது. சி வாசி, நாக்கால் ரீடை நிறுத்து, அந்த மௌனத்தில் விரலை டிக்கு மாற்று, மாற்றிய பிறகு நாக்கை விடு. அதாவது அடுத்த ஸ்வரத்தின் விரல் எப்போதும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். பிலடெல்பியா இசைக்குழுவில் வாசித்து, பிறகு அமெரிக்காவில் ஒரு தலைமுறை கிளாரினெட் கலைஞர்களுக்கே ஆசிரியராக இருந்த டேனியல் பொனாட் பிடிவாதமாகக் கற்றுக்கொடுத்த முறை இது. மெதுவாக, எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரமாக, ஐந்து ஸ்வரங்களில் ஏறி இறங்கட்டும். மௌனத்தின்போது வயிற்றின் அழுத்தம் விடாமல் இருக்கிறதா என்று நடுநடுவே கேளுங்கள். பிறகு மௌனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் அதுவே சாதாரண டங்கிங் ஆகிவிடும்.

எல்லா ஸ்வரத்துக்கும் நாக்கு வைப்பதே நல்ல வாசிப்பு என்ற எண்ணமும் பிள்ளைக்கு வந்துவிடக் கூடாது. இரண்டு ஸ்வரம் நாக்கு வைக்காமல் சேர்த்து, இரண்டு நாக்கு வைத்து, அல்லது மூன்று சேர்த்து, ஒன்று நாக்கு வைத்து என்று கலந்து கொடுங்கள். கர்நாடக இசையில் கிளாரினெட்டை மேடையேற்றிப் பெயர் வாங்கிக்கொடுத்த, 2008இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற ஏ.கே.சி. நடராஜன் வாசிப்பைப் போட்டுக் காட்டுங்கள். கமகத்தில் காற்று எவ்வளவு தூரம் வெட்டுப்படாமல் ஓடுகிறது, நாக்கு எங்கே வருகிறது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் ராணுவ பேண்டு மார்ச் ஒன்றைக் கேட்கட்டும். வெலிங்டன் பக்கம் இருப்பவர்களுக்கு நேரிலேயே கேட்கும் வாய்ப்பு கிடைக்கலாம், அங்கே ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகத் தெறித்து நிற்கும். இரண்டையும் கேட்ட பிள்ளைக்கு நாக்கை எங்கே வைப்பது, எங்கே விடுவது என்பதில் தனக்கென்று ஒரு விருப்பம் வர ஆரம்பிக்கும்.

மேல் ஸ்தாயிக்கு, அதாவது ரெஜிஸ்டர் கீ அழுத்தி வரும் ஸ்வரங்களுக்கு, இதையெல்லாம் உடனே கொண்டுபோகாதீர்கள். கீழே சி மேஜர் ஐந்து ஸ்வரத்தை 80 வேகத்தில், எண்ணிக்கைக்கு இரண்டாக, தாடை அசையாமல், ஒரே மூச்சில் ஏறி இறங்கட்டும், அதன் பிறகு மேலே போகலாம். அங்கே நாக்கு கொஞ்சம் கனமாகப் பட்டாலும் ரீடு கீச்சிடும். கீச்சிட்டால் பயப்படாமல் மவுத்பீஸ், பேரல் பயிற்சிக்கு அன்றைக்கே ஒரு ஐந்து நிமிஷம் திரும்பிப் போய்விட்டு, மறுபடி வாத்தியத்தை மாட்டுங்கள்.